சகலையின் கம்ப்யூட்டர்

என் மனைவியின் தங்கை கணவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. வயிற்றெரிச்சலோடுதான் எழுத முடியும், அப்படியே எழுதுகிறேன். முறைக்கு அவன் எனக்குச் சகலை, ஏழு வயது சின்னவன். நேரில் பார்த்தால் "வாங்க சகலை" என்பேன். மனசுக்குள் எப்போதும் 'அவன்'தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வயதில் கிரீஸ் டப்பா தூக்குவதற்காகக் கம்பெனியில் சேர்ந்தவன், இன்று பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் முதல் போன் அவனுக்குத்தான். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பானாம். இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி, "எவ்வளவு பொறுமை பாருங்க" என்பாள். நான் இருபத்திரண்டு வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும். அந்தப் பொறுமையை இதுவரை யாரும் பாராட்டியதில்லை.

இதெல்லாம் பழைய எரிச்சல். புதிய எரிச்சல் மாமனாரால் வந்தது.

என் மாமனார் முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்காது. சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து லேசாகத் திருப்புவார், கால் தரையில் கிளட்சைத் தேடும். அவருக்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன் விளையாட்டுக்கென்றே தயாரிக்கப்பட்ட கம்ப்யூட்டர் ஒன்றை நான் கடையில் வாங்கினேன். உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும். பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றும், மேஜையில் மாட்டுகிற ஸ்டியரிங்கும் சேர்த்து வாங்கினேன். கடை ஆள் வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்றார். "இது என்ன பெரிய வித்தை, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன். பின்பக்கம் திரைக்கான கேபிள் சொருக மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் இருந்தன. கீழே இருந்ததில் ஒரு மூடி போட்டிருந்தது. மூடியிருந்தால் வேண்டாததாகத்தானே இருக்கும் என்று மேலே சொருகினேன். படம் வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு மாமனார் வருவார். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார், சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வார், பிறகு ஸ்டியரிங் முன்னால் உட்காருவார். வயதானவர், பிரஷர் மாத்திரையாக இருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. அவர் டிரைவர், நான் கண்டக்டர். பக்கத்தில் நின்று விசில் அடித்து "போலாம் ரைட்!" என்பேன், கிளம்புவார். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். நாற்பத்தைந்து வயதில் ஒருத்தர் பக்கத்தில் நின்று விசில் அடிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"உங்க ரோடு கொஞ்சம் குண்டும் குழியுமா இருக்கு மாப்பிள்ளை" என்று எப்போதாவது சிரிப்பார்.

"இதுதான் மாமா ஒரிஜினல் ஃபீலிங்கு. எட்டு ஜிபி கார்டு போட்டிருக்கு" என்பேன். எட்டு ஜிபி என்றால் என்னவென்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

அதன் பிறகுதான் சகலை தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டப்போவதாக அறிவித்தான். என்னுடையதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் செலவழிப்பானாம். "முடியுமா சகலை? மலிவு சரக்கு மண்ணாப் போயிடும்" என்றேன். "பாக்கலாம்ணா, அவசரமா என்ன?" என்றான். அவசரமே படாமல் ஏழு மாதம் எடுத்துக்கொண்டான்.

அவன் லிஃப்ட் பார்க்கிற கட்டடம் ஒன்றில் ஓர் அலுவலகத்தைக் காலி செய்தார்கள். அங்கே அடுக்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்களில் பிராசசர் நன்றாக இருந்த ஒன்றைப் பார்த்து விலைக்கு எடுத்தான். அதன் பெட்டி சின்னது, விளையாட்டுப் படத்தைத் தடங்கலில்லாமல் காட்டுகிற பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ளே போகாது. எனவே பழைய சாமான் கடையில் பக்கவாட்டு மூடி இல்லாத ஒரு பெரிய பெட்டி வாங்கி, அதற்குத் தானே பிளாஸ்டிக் தகடு அறுத்து மாட்டினான். கம்ப்யூட்டர் விளையாட்டு மையம் ஒன்றை மூடினார்கள் என்று கேள்விப்பட்டு அந்தக் கார்டு வாங்கப் போனவன், அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினால்தான் காசு என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன பசையைத் துடைத்து, புதுப் பசையைப் பட்டாணி அளவுக்கு வைத்துப் பூட்டினான். பவர் சப்ளை மட்டும் புத்தம் புதிது. "கரண்டு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாதுண்ணா. மத்தது போனா ஒண்ணு போகும். இது போனா எல்லாத்தையும் கூட்டிட்டுப் போகும்" என்றான்.

போகிறபோதெல்லாம் பார்ப்பேன். அவர்கள் சாப்பாட்டு மேஜையில் பாதி கம்ப்யூட்டர், பாதி சாப்பாடு. கொழுந்தியாள் சாம்பார்ச் சட்டியை ஸ்க்ரூ டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரிப்பாள். என் வீட்டில் இப்படி ஒரு ஸ்க்ரூ மேஜையில் கிடந்தால் மூன்று நாள் பேச்சுவார்த்தை இருக்காது. "என்ன சகலை, பழைய இரும்புக் கடையா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவனும் என்னோடு சேர்ந்து சிரித்தான். கிண்டல் செய்தால் கோபப்படாத மனிதனை என்ன செய்வது?

ஏழாவது மாதம் கம்ப்யூட்டர் ஓடியது. எட்டாவது மாதம் மாமனாருக்கு முழங்கால் வலி வந்தது.

"இந்த வாரம் முடியல மாப்பிள்ளை, கால் வலிக்குது" என்று போனில் சொன்னார். அடுத்த வாரமும் அதே. மூன்றாவது வாரம் என் மனைவி பேச்சோடு பேச்சாக, "அப்பா தங்கச்சி வீட்டுல இருக்காராம், பஸ் ஓட்டிட்டு இருக்காராம்" என்றாள். எனக்குக் காதில் புகை வந்தது. என் வீடு தரைத்தளம், வாசல்படி ஒன்றே ஒன்று. அவன் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் லிஃப்ட் கிடையாது. என் ஒரு படிக்கு வலிக்கிற கால், அங்கே ஐம்பத்து நாலு படிக்கு வலிக்கவில்லை. ஐம்பத்து நாலு என்று எப்படித் தெரியும் என்றால், அடுத்த ஞாயிறு நானே எண்ணிக்கொண்டு ஏறினேன்.

கதவைத் திறந்தது கொழுந்தியாள். "வாங்க அத்தான்! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க!" என்றாள். சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். மாமனார் அங்கேயும் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவன் நின்றிருந்தான். நிறுத்தம் வந்தது, பஸ் நின்றது.

"போலாம் ரைட்!" என்றான் அவன்.

அந்த இரண்டு வார்த்தையில் என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கம்ப்யூட்டர் கட்டிக்கொள்ளட்டும், நல்ல பெயர் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அது என் வேலை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவன் நான்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றார் மாமனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த கிளட்சைக் கொஞ்சம் மிதிச்சுப் பாருங்க. லிஃப்ட் கதவோட ஸ்பிரிங்கைப் போட்டு வச்சிருக்கார் சின்ன மாப்பிள்ளை. அசல் பஸ் மாதிரியே இருக்கு."

நான் கிளட்சை மிதிக்கவில்லை. ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று பெட்டியைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் குனிந்து பார்த்தேன். கிடைத்தது! திரைக்குப் போகும் கேபிள் கீழ் இடத்தில் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

"என்ன சகலை," என்றேன், சமையலறைக்கும் கேட்கும்படி. "ஏழு மாசம் உக்காந்து கட்டிட்டு, கடைசியில கேபிளைத் தப்பான இடத்துல சொருகி வச்சிருக்கீங்களே!"

"இல்லண்ணா, அது அங்கதான்..." என்று ஆரம்பித்தான்.

"நான் ரெண்டு வருஷமா கம்ப்யூட்டர் வச்சிருக்கேன் சகலை. எனக்குத் தெரியாதா? மாமா, ஒரு நிமிஷம் வண்டிய நிறுத்துங்க. இப்பவே இவ்வளவு நல்லா ஓடுதுன்னா, சரியா மாட்டினா பறக்கும் பாருங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமனாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வழிவிட்டு ஒதுங்கினான். நானே அணைத்து, கேபிளைக் கழற்றி, மேலே சொருகி, மறுபடி போட்டேன். விளையாட்டு வர வழக்கத்தைவிட நேரமானது. பஸ் கிளம்பியது.

வண்டி விட்டு விட்டு நகர்ந்தது. மலைப்பாதை வெட்டி வெட்டி வந்தது. வளைவில் மாமனார் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பஸ் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பியது. எனக்கு நன்றாகத் தெரிந்த ரோடு அது. இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டில் நான் பார்த்த ரோடு.

இரண்டாவது வளைவில் மாமனார் கையை எடுத்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

மாமியார் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னங்க ஆச்சு? மாத்திரை போடலையா? பெரிய மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போவீங்களே!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் அங்கே நிற்பது அவருக்கு நினைவு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"என்ன மாத்திரை அத்தை?" என்றேன்.

மாமியார் மாமனாரைப் பார்த்தார்.

"பிரஷருக்கா?"

"வாந்திக்கு" என்றார் மாமனார், மெதுவாக. "பஸ்ல போறவங்க போட்டுக்குவாங்களே, அது." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "முப்பத்து நாலு வருஷம் என் வண்டியில வாந்தி எடுத்தவங்க விட்ட சாபம் மாப்பிள்ளை. மெடிக்கல் ஷாப்காரர் எவ்வளவு தூரம் பயணம்னு கேட்பார். பெரிய மாப்பிள்ளை வீடு வரைக்கும்னு சொல்லுவேன்."

கொழுந்தியாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. மூன்று மாடி உயரத்தில் பூமி எங்கே பிளப்பது?

அவன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். பேசாமல் குனிந்து கேபிளைப் பழைய இடத்தில் மாட்டினான், மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் கிளம்பியபோது படி வரை கூடவே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணா, வீட்டுல கீழ மாத்திப் பாருங்க. மேல இருக்கறது ஆபீஸ் வேலைக்கு. விளையாட்டுப் படம் காட்டற கார்டு கீழதான் இருக்கு. நானும் முதல் நாள் இதே தப்பத்தான் பண்ணேன்."

பொய். அவன் செய்திருக்க மாட்டான். என் மானத்துக்காகப் போகிற போக்கில் ஒரு பொய் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறான். அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்ன ஜென்மமோ நான்.

வீட்டுக்கு வந்து மூடியைப் பிடுங்கி, கேபிளைக் கீழே மாட்டினேன். ரோடு வெண்ணெய் மாதிரி ஓடியது. மரங்களில் இலை தனித்தனியாகத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவன், இரண்டு வருடம் ஒரு மனிதரைத் தலை சுற்ற வைத்திருக்கிறேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. போன் செய்து கூப்பிடக் கை எழவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது.

"வேணாம் மாமா. ரோடு போட்டாச்சு" என்றேன்.

என்னை ஒரு முறை பார்த்தார். மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். இரண்டு நிறுத்தம் தாண்டினார்.

"ஏன் மாமா, ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எவ்வளவு ஆசையா நிப்பீங்க பக்கத்துல. அதை விட்டுட்டு ரோட்டைப் பத்தி எப்படி மாப்பிள்ளை பேசறது?" என்றார். "அந்தப் பக்கம் போனதும் உடம்பு கொஞ்சம் சுகம் கண்டுடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. விசில் அடிங்க, நேரமாகுது."

"போலாம் ரைட்!" என்றேன்.

இப்போது ஒரு ஞாயிறு இங்கே, ஒரு ஞாயிறு அங்கே என்று ஓட்டுகிறார். அங்கே போகிற ஞாயிறுகளில் எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அந்த மாத்திரையை எடுத்துப் பார்ப்பேன், கம்ப்யூட்டர் மேலேயே வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்து ஞாயிறுகள் என்றால் எப்படியும் நூறு மாத்திரையாவது இருக்கும். அந்த நூறும் என் வீட்டுக்கு வருவதற்காகப் போட்டவை. அவன் வீட்டுக்குப் போக அவர் ஒன்றுகூடப் போட்டதில்லை. இதைச் சகலையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பாவம், பொறாமைப்படுவான்.