எந்த வீட்டு முள்

நாட்டாமை பெரியசாமி அவர்களே, அஞ்சலையைக் கொன்றது நீங்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் முதல் ஆள் நீங்கள்தான்.

பச்சை வேலிக்காத்தானை, அதாவது சீமைக் கருவேல முள்ளை, வெட்டினால் ஒரு நாற்றம் வரும். பிசினும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த மாதிரி இருக்கும். இன்றைக்கும் எங்காவது பொக்லைன் அந்த முள்ளைத் தள்ளிக்கொண்டிருந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்குத் தனியாக இடம் கொடு என்று கேட்டு, சங்கராபுரத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டுக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, ஆலைக்குக் கரும்பு வண்டி இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. கேட்டது நியாயம்தான், அதை இன்றைக்கும் சொல்வேன். நம்மைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கியே வைத்துவிட்டார்கள் என்று நாட்டாமை கோயில் திடலில் பேசியபோது என் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதே வாரத்தில், அதே திடலில் கூடி, நாங்கள் ஒரு வீட்டை ஒதுக்கி வைத்தோம்.

அது முத்து மாமா வீடு. கரும்பு வண்டி ஓட்டுகிறவர், என் கூட்டாளி கனகாவின் அப்பா. மறியலின் இரண்டாம் நாள் காலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து மரத்துக்கு முன்னால் நின்றது. உள்ளே பிள்ளை வலியில் ஒரு மலைக்காரப் பெண். காவலுக்கு இருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முத்து மாமா தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, மரத்தில் சங்கிலி கட்டி ஓரமாக இழுத்து, ஜீப் போக வழி விட்டார். ஜீப் போனதும் மரத்தைத் திரும்ப இழுத்து இருந்த இடத்திலேயே போட்டார். அவர் செய்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் ஊர் கூடியது. "இன்னிக்கி ஒரு ஜீப்ப வுட்டா நாளைக்கி போலீஸ் வண்டியும் வுடுவ. அப்புறம் ஊர் சொல்லு இன்னாத்துக்கு?" என்று நாட்டாமை கேட்டார். கோயில் முன்னால் விழுந்து எழுந்திருக்கச் சொன்னார்.

"தப்பு பண்ணியிருந்தா வுழுவேங்க," என்றார் முத்து மாமா. "அந்தப் பொம்பள கத்திக்கினு கெடந்துச்சு. மரத்ததான் திரும்பப் போட்டுட்டேனே."

அவர் விழவில்லை. மறுநாள் காலை "முள்ளு போடறது" என்று முடிவானது.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன். ஊர் சொல்லுக்குக் கட்டுப்படாதவன் வாசலில் வீட்டுக்கு ஒரு முள் போட வேண்டும். முதல் முள் நாட்டாமை வீட்டு முள். பிறகு ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெண்களோ பிள்ளைகளோதான் கொண்டுபோக வேண்டும், ஆண்கள் திடலில் நின்று பார்ப்பார்கள். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. எது எந்த வீட்டு முள் என்று பிறகு யாரும் பேசக் கூடாது. போடாத வீட்டு வாசலில் அடுத்த முள் விழும். அந்த வீட்டுக்காரன் வந்து கோயில் முன்னால் விழும்வரை முள் அப்படியே கிடக்கும், குழாயில் தண்ணீர் கிடையாது, கடையில் சாமான் கிடையாது, அவர்களோடு பேச்சும் கிடையாது. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "அது அப்பிடித்தான்."

எங்கள் வீட்டில் அம்மா முடியாது என்றாள். முத்து மாமாவின் மனைவி அஞ்சலை அத்தைதான் எனக்குப் பேன் பார்த்துத் தலை பின்னி விடுகிறவள். அம்மாவும் அவளும் ஒன்றாகக் களை எடுத்தவர்கள். அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "நாம போடலன்னா நாளைக்கி நம்ப வூட்டு வாசல்ல வுழும். மூணு புள்ளைங்கள வெச்சிக்கினு எங்க போவ?" என்றார்.

அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வேலியில் இருந்ததிலேயே சின்னக் கொப்பாகப் பார்த்து, என் முழங்கை நீளம்கூட இல்லாத ஒன்றை, வெட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். இதுதான் அவளால் செய்ய முடிந்த மறுப்பு.

நான் போனபோது வாசலில் இடுப்பளவுக்கு முள் கிடந்தது. அந்தப் பக்கம் அஞ்சலை அத்தை கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். கனகா அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. அத்தை என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இன்னாடி, இம்மாத்தூண்டு கொண்டாந்திருக்க? உங்கம்மா சோறு துன்றதில்லயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திடலில் இருந்து யாரோ அதட்டினார்கள். நான் கொப்பை வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தேன்.

முள் போட்ட நாலாம் நாள் அத்தையின் காலில் முள் ஏறியது. குழாய் இல்லாததால் விடியற்காலையில் குடத்தோடு கரும்புக் கொல்லை மோட்டாருக்குப் போகிறவள், முள்ளை ஒதுக்கி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி வைத்திருந்தாள். பெரிய கொப்புகளை ஒதுக்கலாம், அவை கண்ணுக்குத் தெரியும். சின்னது மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்.

எங்கள் தெருவில் ஊசி போடுகிற ஒரு கம்பவுண்டர் இருந்தார். முத்து மாமா அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். கம்பவுண்டர் வெளியே வரவில்லை. "மொதல்ல போயி கோயில்ல வுழுந்துட்டு வா, அப்புறம் வர்றேன்" என்று உள்ளே இருந்தே பதில் வந்தது. முத்து மாமா எங்கள் வீட்டுக்கும் வந்தார், அப்பாவின் சைக்கிளைக் கேட்டு. அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அத்தை, காலில் மஞ்சள் வைத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டாளாம். ஒரு வாரம் கழித்துத் தாடை பூட்டிக்கொண்டது. முத்து மாமா தனி ஆளாக முள்ளை விலக்கி, வண்டி கட்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதற்குள் மறியல் முடிந்து ரோடு திறந்திருந்தது. திறக்காதது எங்கள் கதவுகள்தான். முள் ஏறிய அன்றே ரணஜன்னி ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

பிணம் வருவதற்கு முன்னால் நாட்டாமை ஊர்க் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். போட்டவர்களே போய் முள்ளை அள்ளினார்கள், குட்டைக்கரையில் குவித்துக் கொளுத்தினார்கள். அரை மணி நேரத்தில் எந்த வீட்டு முள்ளும் இல்லை. பிறகு எல்லாரும் மாலையோடு வந்தார்கள். முத்து மாமா யார் மாலையையும் வாங்கவில்லை. காரியம் முடிந்ததும் கனகாவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அந்த ஜீப்பில் போன பெண்ணின் வீட்டார் சாமை விதைக்கக் கொஞ்சம் நிலம் காட்டினார்களாம். கனகா படிப்பை விட்டுவிட்டாள். நான் படித்தேன். அந்தப் போராட்டத்தால் கிடைத்த இடத்தில் படித்துத்தான் டீச்சர் ஆனேன். அதையும் மறைக்கவில்லை.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு வாசகர் கூட்டம். காரணமே தெரியாத ஒரு வழக்கத்துக்காக ஊரே சேர்ந்து ஒருத்தரை அழிக்கிற கற்பனைக் கதைகளைப் பற்றிப் பேசினார்கள். ஒரு பையன் எழுந்து, "நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா இப்பிடி ஒரு ஊரு இருக்குமா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் கேன் கடை இருக்கிறது. வேலிக்காத்தான் எல்லாம் போய்க் காலி மனைகள் வந்துவிட்டன. முள் போடுகிற வழக்கமும் போய்விட்டது என்று சொல்கிறார்கள். போகவில்லை. போன வருஷம் ஒரு வீட்டைக் கல்யாணத்துக்கு அழைக்கக் கூடாது என்று போனிலேயே செய்தி வந்தது, யாரும் அழைக்கவில்லை.

அடுத்த வாரம் திடலில் போராட்டத் தியாகிகளுக்குக் கல்வெட்டு திறக்கிறார்களாம். நாட்டாமைக்குப் பொன்னாடை. கல்வெட்டில் அஞ்சலை பெயர் இல்லை.

என் முள் முழங்கை நீளம்கூட இருக்காது, கொப்பில் ஏழெட்டு முள் இருந்தது, போட்டது நான். அத்தையின் காலில் ஏறியது அதுவாக இருக்கலாம். சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை இதோ மீறிவிட்டேன். நாட்டாமை அவர்களே, பொன்னாடை போட்டதும் உங்கள் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். நான் முன்வரிசையில் இருப்பேன், கனகாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முதல் முள்ளை ஏன் போட்டீர்கள் என்று அந்த மைக்கில் சொல்லுங்கள். "அது அப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.