சிவப்பில் நின்ற முப்பத்தோராம் இலக்கம்

கப்பலில் வந்து மலையேறி, ஸ்கீயில் சறுக்கி இறங்கி, சாப்பாட்டு நேரத்துக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுகிற சனங்களின் ஸ்கீக்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில்.

வீடு ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில். மே மாதம் வந்தால் வட துருவத்துக்குக் கிட்ட இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றும் ஒரு சின்னக் கப்பலில் இருப்பேன். ஆளில்லாத கரைகளில் பயணிகளை ரப்பர் படகில் இறக்குவோம். பிறருடைய கையுறையைத் தேடியே என் வயது போகிறது. வழிகாட்டிப் பரீட்சை பாஸ் பண்ணியும் நாலு வருஷமாகக் கீழ்த்தட்டு உபகரண அறை வேலைதான். இந்த முறை தலைமை வழிகாட்டி இங்கர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பயணம் பிசகில்லாமல் முடிந்தால், அடுத்த வருஷம் ஒரு குழு எனக்கு.

பின்னுக்குப் போன பல் வைத்தியர்

ஏற்றத்தில் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒரு மயிர்ப்பட்டை ஒட்டுவோம். மயிர் ஸ்கீயின் பின்முனையை நோக்கிப் படுத்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற நோர்வே பல் வைத்தியர் ஒருவர், தான் மூன்று வயதிலிருந்து ஸ்கீ போகிறவர் என்று சொல்லி, என்னைத் தொடவிடாமல் தானே ஒட்டினார். தலைகீழாக ஒட்டியிருந்தார். கரையில் இரண்டடி ஏறினார், மூன்றடி பின்னால் வந்தார். நான் குனிந்து பட்டையைக் கழற்றித் திருப்பி ஒட்டினேன். அவர் மலையைப் பார்த்தபடி நோர்வே மொழியில் சொன்னார்: "இஞ்சத்தை மலை கொஞ்சம் பின்னுக்குச் சாயுது."

எழும்பாத கரடி

கரையில் பனிக்கரடி தெரிந்தால் ஒருவரையும் இறக்க மாட்டோம். மூன்றாம் நாள் ஒன்று, நாங்கள் இறங்க வேண்டிய இடத்திலேயே படுத்து நித்திரையாகிவிட்டது. ஒஸ்லோவில் கணினி வேலை பார்க்கும் சென்னைத் தம்பதி ஒன்று அந்தக் கப்பலில் வந்திருந்தது, கார்த்திக்கும் வித்யாவும். நான் போனில் கதைத்ததைக் கேட்டு "நீங்க சிலோனா?" என்று வந்து ஒட்டிக்கொண்டவர்கள். கார்த்திக் அரை மணிக்கொரு தரம் வந்து "எந்திரிச்சிருச்சாண்ணே?" என்பார். "இல்லைத் தம்பி, இன்னும் படுத்திருக்கு" என்பேன். மத்தியானமும் போய்விட்டது. வித்யா தொலைநோக்கியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை இவர் எந்திரிக்க நான் இப்படித்தான் காத்துக்கிட்டு இருப்பேன்."

தலையில் நுரையோடு

கப்பல் வாசலில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு இலக்க வில்லை. இறங்கும்போது சிவப்புப் பக்கம், திரும்பியதும் பச்சைப் பக்கம், அவரவரே திருப்ப வேண்டும். ஒரு சிவப்பு இருந்தாலும் நங்கூரம் தூக்க மாட்டோம். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவன். நாலாம் நாள் கார்த்திக் திருப்ப மறந்துவிட்டார். குளித்துக்கொண்டிருந்த மனுஷனைத் துவாயோடு கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் வில்லையைத் திருப்ப வைத்தேன். நுரை வழிய நின்று அவர் சொன்னார்: "அண்ணே, எங்க ஹெட்மாஸ்டரே தேவலை."

கடைசி நாள்

அன்றைக்கு இங்கர் என்னை, பின்தங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ளக் குழுவின் கடைசி ஆளாக மலைக்கு அனுப்பினார். என்னுடைய பரீட்சை அதுதான். ஒருவர்கூடப் பின்தங்கவில்லை, பல் வைத்தியர் உட்பட. சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. கடைசிப் படகில் வந்து ஏறினேன். எல்லாருடைய ஈரப்பட்டைகளையும் அள்ளிக்கொண்டு நேரே கீழே போய், காயவைக்கும் விசிறியைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் வேறொன்றும் காதில் விழாது.

கனநேரம் கழித்துக் கார்த்திக் கையுறை தேடி வந்தார். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணே, முப்பத்தொண்ணு உங்க நம்பரா? உங்களைத் தேடித்தான் படகு கரைக்குப் போயிருக்கு."

மேலே ஓடினேன். துப்பாக்கியோடு இரண்டு வழிகாட்டிகள் கரையில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். பலகையடியில் இங்கர் முகம் வெளிறி நின்றார். ஏசவில்லை. பலகையைக் காட்டினார். எல்லாரும் பார்த்திருக்க வில்லையைத் திருப்பினேன். கார்த்திக் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்.

படகு திரும்பியபிறகு, அடுத்த வருஷம் என்ன மாதிரி என்று இங்கரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "மலையிலை நீர் ஒரு பிழையும் விடேல்லை. கப்பலுக்குள்ளைதான் துலைஞ்சு போனீர். இன்னும் ஒரு வருஷம் கீழை இரும்."

ஆக, நாலு வருஷம் ஊராரின் வில்லைகளைக் காவல் காத்து நான் கற்றது, பத்திரமாகத் திரும்பி வந்தால் மட்டும் போதாது, வந்தது பலகைக்கும் தெரியவேண்டும் என்பதுதான்.