ஜீப்புக்குப் பின்னால் நிற்கிற வேலை

ஃபிரிஸ்கோ தமிழர்களில் நாகரத்தினத்தைத் தெரியாதவர்கள் உண்டு. அவள் கணவர் கிட்டுசாமியின் ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. அதற்கு வயது இருபத்தாறு. நாலு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேற்றில் இறக்கினாலும் ஏறி வந்துவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஃபிரிஸ்கோவில் சேற்றுக்கு எங்கே போவது என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இதுவரை அந்த வண்டி ஏறிய பெரிய மேடு, அனுமார் கோயில் பார்க்கிங்கின் ஓரக்கல்தான்.

எஞ்சின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. பின்விளக்குகள்தான் சீக்காளி. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஏதாவது ஒரு பக்கம் படுத்துக்கொள்ளும். நாலு திருகைக் கழற்றி ஒரு பல்பு மாற்ற எதற்கு மெக்கானிக் என்பார் கிட்டுசாமி. கழற்றி மாட்டுவது அவர் வேலை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று எரிகிறதா இல்லையா என்று சொல்வது நாகரத்தினத்தின் வேலை. பதினாறு வருஷமாக, அடுப்பில் என்ன கொதித்தாலும் அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள். ஹெட்லைட் போட்டால் மங்கலாக எரிவது ஒன்று, பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று எரிவது இன்னொன்று. ஒன்று போனாலும் மற்றது உயிரோடு இருக்கும். பாதி நன்றாக இருக்கிற பொருளைக் குப்பையில் போட கிட்டுசாமிக்கு மனசு வராது. கழற்றியதைத் தயிர் டப்பாவில் போட்டு வைப்பார். அடுத்த தடவை அதிலிருந்தே ஒன்றை எடுத்து மாட்டுவார், ஹெட்லைட்டைப் போடுவார்.

"எரியுதா?"

"எரியுதுங்க. ஆனா பிரேக்குக்கு..."

"எரியுதில்ல, அப்பறம் என்ன" என்று கை கழுவப் போய்விடுவார். அவள் சொல்ல வந்ததில் பாதி எப்போதும் அவளிடமே தங்கிவிடும். சலித்துப்போய் ஒருநாள், மகள் ஓவியாவின் நெயில் பாலிஷை எடுத்து, பிரேக்குக்கு எரிகிற பல்பின் அடியில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். பொட்டைப் பார்த்த கிட்டுசாமி, புள்ளை விளையாடியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

இந்த வருஷம் க்ரீன் கார்டு வந்தது, அவளும் வேலைக்குப் போகலாம் என்றானது. பதினோரு மைல் தள்ளி, சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு டேகேரில் நாகரத்தினத்துக்கு வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், தானே ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸுக்கான ரோடு டெஸ்ட்டுக்கு இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் வெள்ளிக்கிழமை. இன்னொரு காரை மகன் மதன் ஆஸ்டினுக்குக் கொண்டுபோய்விட்டதால் ஜீப்பில்தான் டெஸ்ட்.

"ரெண்டு புது பல்பு வாங்கிரலாங்க" என்று, இடது பின்விளக்கு மறுபடி படுத்துக்கொண்ட வியாழக்கிழமை கெஞ்சிப் பார்த்தாள்.

"எதுக்கு? டப்பால அத்தன கெடக்குது. நீ டென்ஷன் ஆகாம பேரலல் பார்க்கிங் ப்ராக்டிஸ் பண்ணு" என்று அவரே ஒன்றை மாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, டெஸ்ட் எடுக்கிற அம்மாள் டேப்லட்டோடு வந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். நாகரத்தினம் மிதித்தாள். பின்னால் போய்ப் பார்த்தவள் தலையாட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். இடது பக்கம் எரியவில்லை, ஐந்து நிமிஷம் தருகிறேன், முடியாவிட்டால் வேறொரு நாள் வா என்றாள். வேறொரு நாள் என்றால் இன்னும் இரண்டு மாதம். நாகரத்தினத்துக்கு அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டு வந்தது.

கிட்டுசாமி சீட்டுக்கு அடியிலிருந்து தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு பல்பை மாட்டிவிட்டு, "ஹெட்லைட் போடு நாகு. ஆ, எரியுது பாரு" என்றார்.

அவள் இறங்கிப் பின்னால் வந்தாள். "தள்ளுங்க."

ஸ்க்ரூடிரைவர் கை மாறியது. டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்து, பொட்டு வைத்ததைத் தேடி எடுத்தாள்.

"ஏம் புள்ள, அது ஹெட்லைட்டுக்கு எரியாததுல்ல? ஓவியா பாலிஷ் வச்சு வெளையாண்டது."

"வெச்சது நானுங்க."

அதை மாட்டிவிட்டுப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். "பின்னாடி போய் நில்லுங்க" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்பதுபோல் அவர் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, போய் நின்றார்.

அவள் பிரேக்கை மிதித்தாள். "எரியுதுங்களா?"

"எரியுது. ஆனா ஹெட்லைட்டுக்கு..."

"எரியுதில்ல, அப்பறம் என்ன" என்று கண்ணாடியை ஏற்றினாள். டெஸ்ட் அம்மாளும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். கிட்டுசாமி டப்பாவும் கையுமாகப் பார்க்கிங்கிலேயே நின்றார்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து ஜீப் வந்து நின்றது. நாகரத்தினம் பாஸ். கிட்டுசாமி பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கம் வந்தார். அவள் இறங்கவில்லை. அவர்தான் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினார்.

வழியில் ஒரு கார் சாமான் கடை வாசலில் அவள் நிறுத்தினாள்.

"நாலு புது பல்பு வாங்கிட்டு வாங்க. டப்பாவ இங்க குடுத்துட்டுப் போங்க."

அவர் கொடுத்துவிட்டுப் போனார். புதுப் பல்புகளோடு திரும்பியபோது, பழையவை எல்லாம் கடை வாசல் குப்பைத்தொட்டியில் கிடந்தன. காலி டப்பா மட்டும் அவள் மடியில் இருந்தது.

"அதையும் போட்டிருக்கலாமில்ல?" என்றார்.

"மூடியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் நாகரத்தினம். "நல்லாக் கழுவிட்டா, திங்கக்கெழம வேலைக்குச் சோறு கொண்டு போக ஆகும்."