கையில் ஒட்டிய வியர்வைப் பொட்டு

என் தங்கை பல்கலைக்கழகத்தில் வியர்வையை ஆராய்கிறாள். எங்கள் வீட்டில் இதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆளுங்க வேர்க்கிறதப் பாக்கவா இவ்வளவு காலம் படிச்சீங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"ஆமா அத்தான். உங்கள மாதிரி சும்மா இருந்தே வேர்க்கிறவங்க இருக்காங்களே, அதனாலதான்."

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் ஒரு சின்னப் பெட்டியோடு மாத்தளையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் பெரிய பொட்டு அளவில், தோலைப் போல மெல்லியதாக, தொட்டால் வளைகிற ஒட்டுகள் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். உள்ளே மயிரிழை போன்ற குழாய் ஒன்று சுருண்டு சுருண்டு போயிற்று. கையில் ஒட்டிக்கொண்டு விளையாடினால், அடியிலுள்ள துளை வழியாக வியர்வை ஏறும். போகிற வழியெல்லாம் நீல நிறமாகும். நீலம் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு வியர்த்திருக்கிறது. நடுவிலுள்ள சின்ன வட்டம், வியர்வையில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ அதற்கேற்ப நிறம் மாறும். பேட்டரி இல்லை, வயர் இல்லை. ஃபோனில் ஒரு படம் எடுத்தால் போதும்.

"எனக்கு வேர்க்கிற பொம்பிளைங்க வேணும் அக்கா" என்றாள்.

என்னிடம் இருந்தார்கள். நான் வேலை செய்யும் கந்தோரில் பெண்களுக்கு ஒரு வலைப்பந்து அணி உண்டு. நான்தான் தலைவி. பந்து என்னுடையது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. மறுநாள் நாவுல என்ற ஊர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு ஆட்டம் இருந்தது. எதிரணியும் எங்களைப் போலக் கந்தோர்ப் பெண்கள்தான்.

மைதானத்துக்குப் போனதும், விருப்பமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு முழங்கைக்குக் கீழே ஒட்டினாள். எல்லோருக்கும் ஒட்டியபின் ஒன்று மிஞ்சியது. என் கணவர் கையை நீட்டினார். அவர் வந்தது வேனில் எங்களோடு சும்மா தொற்றிக்கொண்டுதான். நிழலில் ஒரு வாங்கு பார்த்து உட்கார்ந்து, முதல் விசிலிலிருந்தே கத்தத் தொடங்கினார்.

எங்கள் அணியில் கோல் போடுகிறவர், கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரர். என்னைவிட மூத்தவர். அவருடைய தங்கைமார் அழைப்பதுபோல நாங்களும் அவரை ராத்தா என்போம். முக்காடும் நீளக்கைச் சட்டையுமாகத்தான் விளையாடுவார், அப்படியும் பந்து வலையைத் தவறவிடாது. அன்று மட்டும் ஏனோ கால்களை இழுத்து இழுத்து ஓடினார். போட்ட பந்தெல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பியது. பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் நன்றாகப் பின்தங்கியிருந்தோம்.

இடைவேளையில் தங்கை ஃபோனோடு ஓடிவந்தாள். எல்லோருடைய பொட்டிலும் நீலம் கொஞ்சமாவது சுற்றியிருந்தது. முழுதாக நிரம்பியிருந்தது ஒருவருடையதுதான்.

"அத்தான், நீங்க எந்த இடத்துல விளையாடுறீங்க?"

"கத்துறதும் ஒரு உழைப்புதான்" என்றார் அவர்.

ராத்தா சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். நீலம் துளையைத் தாண்டி ஒரு விரல்நகம் அளவுகூடப் போகவில்லை. இந்த வெயிலில், இத்தனை உடுப்புக்குள், இவ்வளவு குறைவாகவா? தங்கையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டவள் போல அவரைச் சுற்றி வந்து கேள்வியாகக் கேட்டாள். சாதாரணமாகவே வேர்வை குறைவா? ஏதாவது நோய் வருத்தம் இருக்கிறதா? மருந்து எடுக்கிறீர்களா?

ராத்தா எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"ஒங்க மாப்பிள்ளைய கொஞ்சம் அங்கால போகச் சொல்லுங்க."

கணவரை அனுப்பினோம்.

"காலையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல தங்கச்சி. இங்க கக்கூஸ் எப்பவும் பூட்டுத்தான். போன முறை வந்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

தங்கை ஃபோனைக் கீழே இறக்கினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வேற யாரெல்லாம் தண்ணி குடிக்கல?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. என்னுடையதும்தான். வீட்டில் குடித்த அரைக் கோப்பைத் தேநீருக்குப் பிறகு நானும் ஒன்றும் தொடவில்லை. என் தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்காமல் பையில் கிடந்தது.

"உப்பெல்லாம் அளக்கிறேன், இத ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே எனக்கு" என்று தலையில் கைவைத்தாள்.

நான் எதிரணித் தலைவியிடம் போய்ச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்களும் குடிக்கவில்லையாம். சாவி வைத்திருக்கிறவர் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டாராம். மைதானத்துக்குப் பின்னால் தனக்குத் தெரிந்த அம்மா ஒருவரின் வீடு இருக்கிறது என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். இரண்டு அணிப் பெண்களும் ஒன்றாகப் படலையைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டு பயந்து எழுந்தார். விஷயத்தைக் கேட்டதும் கொல்லைப்பக்கம் கையைக் காட்டிவிட்டு, தேசிக்காய் பிழிய உள்ளே போனார்.

நாங்கள் வரிசையில் நின்றோம். சற்று நேரத்தில் கழுத்தில் விசிலோடு நடுவரும் வந்து கடைசியில் நின்றார். அவரும் பெண்தானே. நடுவரே வரிசையில் நிற்கும்போது ஆட்டத்தை யார் தொடங்குவது? மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்த ஆண்கள் காரணம் தெரியாமல் காத்திருந்தார்கள். "ஒரு முக்கியமான விஞ்ஞான ஆராய்ச்சி நடக்குது" என்று என் கணவர் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்த அம்மா ஒரு பானை நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தார். பயமில்லாமல் குடித்தோம். கிணற்றடியில் முகத்தையும் கைகளையும் அலம்பினோம். "ஐயோ, கையக் கழுவாதீங்க!" என்று தங்கை கத்திக்கொண்டு ஓடிவந்தபோது காரியம் முடிந்திருந்தது. பொட்டுகளெல்லாம் ஓரம் கிளம்பித் தொங்கின. அவளுடைய அன்றைய ஆராய்ச்சியில் உருப்படியாக மிஞ்சியது என் கணவரின் வியர்வை மட்டுமே.

பிற்பாதியில் ராத்தா வேறு ஆளாக இருந்தார். பந்து ஒன்றன்பின் ஒன்றாக வலைக்குள் விழுந்தது. இடைவெளியை ஏறக்குறைய மூடிவிட்டோம். இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் வென்றிருப்போம் என்று இன்றும் வாதாடுகிறேன். ஒரே ஒரு கோலால் தோற்றோம். எதிரணித் தலைவி என்னைக் கட்டிப்பிடித்து, அடுத்த முறை சாவியைத் தன் கைப்பையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னாள்.

திரும்பும் வழியில் எல்லோரும் வெற்றி பெற்றவர்களைப் போலப் பாடிக்கொண்டு வந்தோம். வழியிலுள்ள நாலந்தா ஊரை நெருங்கும்போது பாட்டு மெல்ல மெல்லக் குறைந்தது. குடித்த தேசிக்காய்த் தண்ணீர் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. யார் முதலில் சொல்வது என்று பார்த்தபடி இருந்தோம்.

"டிரைவர் தம்பி, ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடையில நிப்பாட்டுங்க" என்று ராத்தா உரத்த குரலில், கூச்சமே இல்லாமல் சொன்னார். "பொம்பிளைங்க எல்லாருக்கும் எறங்கணும்."

"எனக்கும்" என்றார் என் கணவர், பின் இருக்கையிலிருந்து.