பறவையை எடுத்தது யாரு

அண்ணன் பையன் கையில இருந்த கேம் டொய்ங்னு சத்தம் போட்டுச்சு. இருபது வருஷமாச்சு. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் பத்திகினு வருது.

அப்ப துபாய்லேர்ந்து சித்தப்பா கொண்டாந்தாரு அதே மாதிரி ஒரு கேமை. பூதங்களைப் பிடிச்சு, வளர்த்து, சண்டைக்கு விடணும். கொடுத்தது அண்ணனுக்கு. கோவளத்து வூட்டுல, கருவாட்டு நாத்தத்துல உக்காந்து லீவு முழுக்க வளர்த்தது நான். அப்பா வலையைத் தைச்சுகினே, "அது இன்னா, சோறு போடுமா?"ன்னுவாரு.

ஜோடிச் சண்டையில நம்ம பூதம் ரெண்டு பக்கத்துல பக்கத்துல நிக்கும். என் ஆமை தரையை ஆட்டினா எதிரிக்கும் அடி, கூட நிக்கிற நம்ம ஆளுக்கும் அடி. அதனால கூட பறவையை வெச்சேன். பறக்கிறதுக்குத் தரை ஆடினா இன்னா?

கல்பாக்கம் பசங்க கேமோட வந்தாங்க. ஒயர் போட்டு ரெண்டு கேமையும் சேர்த்தாங்க. "பொண்ணு உனக்கு இங்க இன்னா வேலை?"ன்னு அண்ணன் தொரத்துனான். ஜன்னல்ல நின்னு பார்த்தேன். பறவையை எடுத்துட்டு நெருப்பு நாயை வெச்சிருந்தான். கெத்தா இருக்குதாம். ஆமை தரையை ஆட்டுச்சு. எங்க நாயே முதல்ல விழுந்துச்சு. தோத்தான். எல்லாரும் சிரிச்சாங்க.

"தங்கச்சி சேர்த்த டீம் மச்சான், அதான்"னான்.

இப்ப பையன் சொல்றான், "அத்தை, ஆமை கூட பறவைதான் வெக்கணும். அப்பாவே கண்டுபுடிச்சாராம்."

அண்ணன் டிவியிலேர்ந்து திரும்பலை.

"அன்னிக்குப் பறவையை எடுத்தது யாருன்னு உங்கப்பனைக் கேளு"ன்னேன்.

அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான். நான் எழுந்து போய் டிவி ஒயரைப் பிடுங்கினேன்.