ஓதிலின் கைக்குச் சுரக்காத மாடுகள்

பிரான்சில் எங்கள் கான்டால் மலையில் எரிமலைகள் அணைந்துபோனதற்கு விஞ்ஞானிகள் ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். உண்மைக் காரணம் என் அம்மா ஓதில். ஒரு தடவை முறைத்தாள். நெருப்பெல்லாம் பூமிக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. சந்தேகம் இருந்தால் எங்கள் ஊர்ப் பாதிரியாரைக் கேளுங்கள், அவரும் ஒளிந்தவர்தான்.

அப்படிப்பட்டவளை எங்கள் சிவப்பு மாடுகள் மட்டும் மதிக்கவில்லை.

அம்மா ஓரியாக் நகரத்து ரொட்டிக்கடைக்காரரின் மகள். அப்பா ஃபெர்னானைக் கட்டிக்கொண்டு மலையேறிய நாளிலிருந்து பாலாடைக்கட்டி அறைதான் அவள் ராஜ்யம். தொழுவம் அப்பாவுடையது. எங்கள் சிவப்பு மாடுகள் சாலேர் இனம், பிடிவாதம் அதிகம். முதலில் கன்று ஊட்ட வேண்டும். பிறகு கன்றைத் தாயின் முன்னங்காலோடு கட்டி, அதன் முதுகில் உப்புத் தூவ வேண்டும். தாய் அதை நக்கும் நேரத்தில் கறக்க வேண்டும். பழகிய குரலும் வேண்டும். "தே, பேலா, தே" என்று அப்பா மலைப்பேச்சில் இழுப்பார். 'இந்தா, அழகி, இந்தா' என்று அர்த்தம். மடி சுரந்துவிடும். அம்மாவை அவர் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏப்ரலில் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து அப்பா செத்துப்போனார்.

அடக்கம் முடிந்த கையோடு அம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். கன்றுக்குச் சுரந்த பால், அவள் கை பட்டதும் மடிக்குள்ளேயே ஏறிக்கொண்டது. அப்பாவின் நீலக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். அது இன்னும் மோசம். மாடுகள் கோட்டை மோந்துவிட்டு, ஒன்றுபோலக் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தன. வாசலில் யாரும் இல்லை. அவை பார்த்துக்கொண்டே இருந்தன. அம்மாவும் "தே, பேலா" என்று கூப்பிட்டாள், ரொட்டி விற்கிற குரலில்.

மாட்டு வியாபாரி குர்பேருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது.

"மதாம், கன்னுக்குக் குடுக்குது, உங்களுக்குக் குடுக்கல. பாலில்லாம எதை உறைய வெப்பீங்க? சனிக்கிழமை லாரி கொண்டாறேன்."

"கொண்டா. முதல்ல நீ ஏறு. மாட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவன் போனதும், பால் உறைய வைக்கும் மரத்தொட்டியை, அது காய்ந்து கிடந்தும், மறுபடி கழுவினாள். மாடுகள் போய்விட்டால் அவளுக்கு அந்தத் தொட்டியும் இல்லை, இந்த மலையும் இல்லை.

எனக்குப் போன குளிர்காலத்தில் குரல் உடைந்து, அப்படியே அப்பாவுடைய குரலாக வெளியே வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசியில் அவராகப் பேசி எனக்கு நானே விடுமுறை கொடுத்துக்கொண்டிருந்தேன். வியாழன் மாலை அம்மா கறக்க உட்கார்ந்ததும் வைக்கோலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, "தே, பேலா, தேஏ" என்றேன்.

மாடுகளின் காதெல்லாம் என் பக்கம் திரும்பின. வாளியில் சொர்ரென்று பால் விழுந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டேன். இந்தத் தடவை அம்மா பதில் பேசினாள்.

"வந்துட்டியா? சரிவு ஈரமா இருக்கு, ஓட்டாதேன்னு சொன்னேனா இல்லையா? காபியைக்கூட முழுசாக் குடிக்கல நீ."

எழுந்து வரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. நீலக் கோட்டுக்குள் அவள் சின்னதாகத் தெரிந்தாள்.

"நாளைக்கு லாரி வருது, ஃபெர்னான். குடுத்துடவா? சொல்லு."

கறக்கிற சத்தம் நின்றுவிட்டது. மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்தியது போலிருந்தது. எல்லோரும் செத்துப்போன ஒருவரின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அந்த ஆள் நான்.

"வேண்டாம், ஓதில்," என்றேன். "வெச்சுக்கோ. உன்னால முடியும்."

அம்மா மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பிறகு கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல உங்கப்பா ஒரு கேள்விக்கும் நேரா பதில் சொன்னதில்ல. 'பார்க்கலாம்'னுட்டுத் தொப்பியை மாட்டிக்கிட்டுப் போயிடுவாரு. வெளிய வாடா, எலோய். பக்கத்துல நின்னு கூப்பிடு, இன்னும் பாதி மாடு பாக்கி."