சாப்பாட்டுக்குப் பின்

கோம்பையிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்கு ஆளை அழைத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், சித்திரைத் திருவிழா விரதத்தின்போது, மகள் பேச்சியோடு போனேன். அவளுக்கு வலிப்பு நோய். மாத்திரையால் ஒரு வருடமாக வராமல் இருந்தது, அன்று விடியற்காலை அடுப்படியில் வந்துவிட்டது.

ஆறு மணிக்குப் பேருந்து. உத்தமபாளையத்தில் மாற வேண்டும். தேனி வரை நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் அடிக்காது.

சின்னமனூர் தாண்டியதும் பேச்சிக்கு மறுபடி வலிப்பு வெட்டியது. இரும்பு பட்டால் நிற்கும் என்று யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். "தேனி வரைக்கும் யாரும் இறங்கணும்னு சொல்லாதீக" என்றார் ஓட்டுநர். வழியில் வீரபாண்டியில் இறங்க வேண்டிய பூக்காரர்கூடத் தேனி வரை வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் பேச்சி தூங்கினாள். "மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?" என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சுருக்கென்றது. அஞ்சாம் வகுப்பு படித்தவள் நான். எங்கள் தெருவுக்கே மருந்து உறையை வாசித்துச் சொல்கிறவள்.

"நிறுத்தல டாக்டரம்மா. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னு எழுதியிருக்காக. விரதத்துல ஏது சாப்பாடு? வெறும் வயித்துல போட்டா தப்பில்லையா?"

அவர் பேனாவை மூடினார். "சாப்பிடாட்டியும் போடணும்மா. விட்டா உயிருக்கே ஆபத்து."

இதை யாருமே எங்களுக்குச் சொன்னதில்லை. எழுதியபடி நடந்துதான் மகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பெஞ்சிலிருந்த கடமலைக்குண்டுக்காரர் சொன்னார்: "எனக்கு மூணு வேளை சாப்பாட்டுக்குப் பின்னு குடுத்தாக. நான் கஞ்சி குடிக்கிறதே ரெண்டு வேளை. மிச்சத்த மாட்டுக்கா குடுக்க?"

சிலர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து பெஞ்சு பெஞ்சாகப் போய், யார் யார் மருந்தை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். கேட்கக் கேட்க முகம் வெளிறிவிட்டது.

அடுத்த மாதம் மருந்து கொடுக்குமிடத்தில் நர்ஸம்மா முதலில் கேட்டது, "வீட்டுல எத்தனை வேளை சாப்பாடு? விரதம் உண்டா?" மருந்தைக் கொடுத்துவிட்டு, "நான் சொன்னத இப்ப நீங்க சொல்லுங்க" என்றார்.

"சாமிக்கு விரதம் இருந்தாலும் சரி, சோறு இல்லாட்டியும் சரி, ராத்திரி மாத்திரை உண்டு" என்றாள் பேச்சி.

நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் இப்படிக் கேட்காவிட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள். எப்போது சாப்பிடுவீர்கள், எப்போது சாப்பிட மாட்டீர்கள் என்பதையும் சேர்த்து. கூச்சம் வேண்டாம்.

மறு சித்திரைக்குப் பேச்சி பால்குடம் எடுத்தாள். முந்தானையில் மாத்திரையை முடிந்து வைத்திருந்தாள்.